எந்த ஊர் மண்ணுக்கு என்று சொல்லிவிட்டுக் குறிப்பு கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சனிக்கிழமை இணைப்பில் வரும் வீட்டுத் தோட்டப் பகுதியைக் கத்தரித்துப் பழைய டைரி ஒன்றில் ஒட்டி வைக்கிறவள் நான். ஏழெட்டு வருடப் பழக்கம். போன வாரம் அந்த டைரியை எடுத்து முதலிலிருந்து புரட்டினேன். விதை அளவு இருக்கிறது, பூச்சிக்கு வைத்தியம் இருக்கிறது, எந்த மாதம் எதை நடலாம் என்று பட்டியலே இருக்கிறது. எந்த மண்ணுக்கு என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு. கன்னியாகுமரிக்கும் அதுதான், கடலூருக்கும் அதுதான். மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பாதகமில்லை. தொட்டிக்குள் நாம் அள்ளிப் போடுவதுதான் மண். தரையில் நடுகிறவர்களுக்கு மண் ஏற்கெனவே அங்கே கிடக்கிறது. அது என்ன மண் என்று கேட்காமல் சொன்ன யோசனையால் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கோவில்பட்டிக்காரி. மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆய்வக உதவியாளராக 26 வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். பிறந்தது விளாத்திகுளம் பக்கம், சுத்தக் கரிசல் (கறுப்புக் களிமண்). வாழ்க்கைப்பட்டது சாத்தான்குளம் பக்கம், தேரிக்காடு. இரண்டும் ஒரே தூத்துக்குடி மாவட்டம்தான். ஆனால் ஒன்றில் மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். காலோடு ஒரு கிலோ மண் கூட வரும். இன்னொன்றில் மழை விட்ட கையோடு வெறுங்காலோடு கடைக்குப் போய் வரலாம், ஒரு பொட்டு ஒட்டாது. கரிசல்குளம், செவல்குளம் என்று ஊர்ப் பெயரிலேயே மண்ணை எழுதி வைத்த சீமை இது. நாம்தான் பெயரைப் படித்துவிட்டு மண்ணை மறந்துவிடுகிறோம்.

2018-ல் கோவில்பட்டிக்கு வெளியே, ஒரு காலத்தில் உளுந்தும் பருத்தியும் விளைந்து பிறகு பிளாட் ஆகிப்போன காட்டில் வீடு கட்டினோம். அத்தை (என் மாமியார்) ஊரிலிருந்து வரும்போது கை கனத்தில் ஒரு முருங்கைப் போத்தை (நடுவதற்கு வெட்டிய கிளையை) ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "முருங்கைக்கு என்னம்மா பாக்கணும், குத்தி வச்சா வரும்" என்றார். பின்கட்டில் குத்தி வைத்தோம். ஆவணியில் வைத்தது, புரட்டாசியில் துளிர்த்தது. கார்த்திகை மழை முடிந்து ஒரு நாள் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கருத்து, கொழகொழவென்று, சாக்கடை நாற்றம். அத்தை அந்த மண்ணை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது மண்ணா, பசையா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. கரிசலில் களிப்பங்கு மிக அதிகம். அதில் இருக்கும் களிக்கு மாண்ட்மோரிலோனைட் என்று பெயர். தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் சித்திரையில் எங்கள் பக்கத்துக் காடுகளில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழும். சின்ன வயதில் ஒரு முழு நாலணாவை அப்படி ஒரு வெடிப்பில் விட்டுவிட்டு அழுதிருக்கிறேன். குச்சியை விட்டுத் துழாவினால் குச்சிதான் உள்ளே போனது. மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து விழுவதும், மழையில் உப்பி மூடிக்கொள்வதுமாக, இந்த மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது. மானாவாரி வெள்ளாமைக்கு இது வரம். ஒரு மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொத்தமல்லியையும் கொண்டைக்கடலையையும் பனியிலேயே விளைய வைக்கும். முருங்கைக்கு எமன். அதன் வேருக்குக் காற்று வேண்டும்.

அத்தையின் ஊரில் நிலைமை தலைகீழ். தேரி என்றால் சிவப்பு மணல் மேடு. பார்க்காதவர்கள் குதிரைமொழித் தேரிப் பக்கம் ஒரு முறை போய் வரலாம். அங்கே ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த குடத்தை எடுக்கத் திரும்புவதற்குள் முதல் குடம் போன இடம் தெரியாது. அதனால் அத்தை செடிக்குக் குழி வெட்டினால் அடியில் தேங்காய்க் கதம்பையை (மட்டையை) மல்லாக்க அடுக்குவார், நாலு கூடை குளத்துக் கரம்பையை (வண்டலை) கொட்டுவார், அப்புறம்தான் செடி. கதம்பை தண்ணீரைப் பிடித்து வைக்கும், கரம்பை மணலுக்குக் கொஞ்சம் பிசுக்குக் கொடுக்கும். அவர் 40 வருடம் செய்து பழகியதை அப்படியே இங்கேயும் செய்தோம். ஏற்கெனவே பசையாக இருக்கும் மண்ணுக்கு அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கதம்பை! போத்து அழுகாமல் என்ன செய்யும்?

அடுத்த வருடம் தங்கள் இணைப்பில், களிமண்ணாக இருந்தால் ஆற்று மணல் கலந்தால் இளகும் என்று படித்தேன். மணலுக்கு இருக்கும் விலையில் எம்-சாண்ட்தான் கிடைத்தது. பத்துச் சட்டி போட்டுக் கொத்திவிட்டேன். அந்தக் கோடையில் அந்த இடத்தில் கடப்பாறை போட்டால் 'டங்' என்று சத்தம் வந்தது. களிக்கு நடுவே கொஞ்சமாக மணல் விழுந்தால் மணலின் இடுக்கையெல்லாம் களி அடைத்துக்கொண்டு முன்னைவிட இறுகிவிடும். மணலால்தான் இளக்க வேண்டும் என்றால் களியை விட மணல் அதிகம் வேண்டும். அதற்கு லாரி வைத்துத்தான் அடிக்க வேண்டும். கொத்தனார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கொஞ்சம் சிமெண்ட் போட்டிருந்தீங்கன்னா தளமே ஆயிருக்கும்" என்று சிரித்தார்.

கொத்தனார் என்றதும் இன்னொன்று. கரிசலில் வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்குக் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் அடிப்பார்கள். இல்லாவிட்டால் மண் உப்பிச் சுருங்கிச் சுவரை வெடிக்க வைத்துவிடும். அப்படி அடித்த கிராவலில் மிச்சத்தை முன்வாசலில் பரப்பிவிட்டார்கள். அதற்கு மேலே பூச்சு வேலை நடந்தபோது கொட்டிய கலவை, உடைந்த செங்கல், சிமெண்டுச் சாக்கின் கிழிசல். இதெல்லாம் மூடி மேலே அழகாகச் சிவப்பாக இருந்ததால், 'முன்வாசல் செம்மண், பின்கட்டு கரிசல், நமக்கு இரண்டும் வாய்த்தது' என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செம்பருத்தியை முன்வாசலில் வைத்தேன்.

ஆறே மாதத்தில் செம்பருத்தி மஞ்சளடித்துவிட்டது. முழு இலையும் மஞ்சள் இல்லை. நரம்பெல்லாம் பச்சையாகக் கோடு கோடாக நிற்க, இடைப்பட்ட இடம் எலுமிச்சம்பழ நிறம். நுனியில் வரும் குருத்து இன்னும் மோசம், கிட்டத்தட்ட வெள்ளை. பின்கட்டுக் கறிவேப்பிலையும் அதே கோலம். இதற்கும் டைரியில் தங்கள் வைத்தியம் இருந்தது: முட்டை ஓட்டைப் பொடித்துப் போடவும், ஒரு கைப்பிடி சுண்ணாம்பைத் தூரில் தூவவும். இரண்டையும் செய்தேன். செம்பருத்தி மொட்டை உதிர்க்க ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. 26 வருடம் ஆசிட் பாட்டிலைத் துடைத்து வைத்தவள் நான். ஒரு சொட்டு விட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே. பழைய பள்ளிக்கூடத்தில் சொல்லி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் வாங்கி, பின்கட்டு மண்ணில் காய்ந்த கட்டி ஒன்றை எடுத்து மூன்று சொட்டு விட்டேன். ஈனோவைத் தண்ணீரில் போட்ட மாதிரி பொங்கியது. முன்வாசல் மண் அதைவிட அதிகம். தோண்டும்போது கிடைத்த வெள்ளைச் சுக்கான்கல்லில் (சுண்ணாம்புக் கல்லில்) விட்டதும் சீறியே விட்டது. அத்தை ஊரிலிருந்து டப்பாவில் வந்த தேரி மணல் அசையாமல் கிடந்தது.

பொங்கியது சுண்ணாம்பு. எங்கள் கரிசலில் அது பிறவியிலேயே இருக்கிறது. முன்வாசலில் சிமெண்டும் சேர்ந்துகொண்டது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்காது, பூட்டிய பெட்டியில் இருக்கிற நகை மாதிரி. அந்த மண்ணுக்குத்தான் நான் மேலும் சுண்ணாம்பு தூவியிருக்கிறேன். அத்தை கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றச் சொன்னார். தேரியில் அது வேலை செய்திருக்கிறது என்று சத்தியம் செய்வார். இருக்கலாம், அங்கே மோரின் புளிப்பைத் தின்ன மண்ணில் சுண்ணாம்பு இல்லை. இங்கே ஒரு டம்ளர் மோரை மண் அந்த இடத்திலேயே விழுங்கிவிடும்.

அந்தச் சுண்ணாம்பு யோசனையே தவறு என்று நான் சொல்லவில்லை. என் தங்கை கோத்தகிரியில் இருக்கிறாள். அங்கே மண் புளிப்பு. அவள் வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சா நீலமாகப் பூக்கும். புளிப்பு மண்ணில்தான் அந்தப் பூ அப்படி நீலம் காட்டும், சுண்ணாம்பு கூடினால் ரோஸாகிவிடும். முட்டைக்கோஸ் போடுவதற்கு முன் அவள் டாலமைட் சுண்ணாம்பு போட்டே ஆக வேண்டும். தங்கள் குறிப்பை எழுதியவர் நீலகிரிப் பக்கத்துக்காரராகவோ, மலையடிவாரத்துச் செம்பொறை மண்ணில் தோட்டம் போட்டவராகவோ இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவருக்கு அது உண்மை. அதே வரி கோவில்பட்டியில் விஷமாகிறது. 'புளிப்பு மண்ணுக்கு மட்டும்' என்று மூன்றே வார்த்தை சேர்த்திருந்தால் என் செம்பருத்தி தப்பித்திருக்கும்.

ஆசிட் எல்லோருக்கும் கிடைக்காது, குளியலறை கழுவுகிற ஆசிட்டைக் கையில் எடுக்கவும் வேண்டாம். வெள்ளை வினிகர் போதும். காய்ந்த மண்ணை ஒரு ஸ்பூன் எடுத்து, அதன் மேல் ஊற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். நுரைத்தாலோ சுரசுரவென்று சத்தம் கேட்டாலோ உங்கள் மண்ணில் சுண்ணாம்பு தாராளம். முட்டை ஓட்டைக் குப்பையில் போடலாம்.

மஞ்சளிலும் இரண்டு விதம் உண்டு என்பதைப் பக்கத்து வீட்டில் தெரிந்துகொண்டேன். அவர்கள் தீப்பெட்டிக் குச்சி செய்யும் இடத்திலிருந்து மரத்தூளை இலவசமாக மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து, மண் இளகட்டும் என்று பச்சையாகவே கொத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டுக் கத்தரியும் மஞ்சளானது. ஆனால் அங்கே குருத்து பச்சை, அடி இலைதான் மஞ்சள். மக்காத மரத்தூளை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. செடி பசியில், அடி இலையில் இருப்பதை உருவி மேலே அனுப்பிவிடுகிறது. இரும்பை அப்படி உருவி அனுப்பச் செடியால் முடியாது. அதனால் இரும்புக் குறைவு குருத்தில் தெரியும், தழைச்சத்துக் குறைவு அடியில் தெரியும். அவர்களுக்குக் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றச் சொன்னேன், சரியாகிவிட்டது. எனக்கு அது பயன்படாது. நான் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் சாய்ந்த பிறகு இலையில் தெளித்தேன். மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும் என்பதால் இலை வழியாக. பத்து நாள் விட்டு இன்னொரு முறை. புதுக் குருத்து பச்சையாக வந்தது. ஒரேயடியாகத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தெளிக்கத்தான் வேண்டியிருக்கிறது. மண் மாறவில்லை, நான்தான் மாறிக்கொண்டேன்.

இதற்குப் பிறகுதான் ஒழுங்காக மண்ணைப் பார்த்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில் மூன்றை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். தேரி மணல் பத்து எண்ணுவதற்குள் கீழே உட்கார்ந்துவிட்டது. முன்வாசல் மண் மூன்று அடுக்காகப் பிரிந்தது, மேலே ஒரு தெர்மாகோல் துணுக்கு மிதந்தது. கரிசல் மறுநாள் காலையிலும் கலங்கியபடியே நின்றது. அடியில் ஒரு நூல் கனத்துக்குத்தான் மணல். முதலில் உட்காருவது மணல், அப்புறம் வண்டல், கடைசி வரை தண்ணீரை விடாமல் பிடித்திருப்பது களி. இதற்கு ஒரு பைசா செலவில்லை. செம்மண் என்று மூட்டையில் விற்பதை வாங்கும்போதும் இதைச் செய்து பாருங்கள். நான் நர்சரி வண்டியில் வாங்கிய மூட்டையில் பாதிக்கு மேல் கிராவல் கல்.

வடிகாலைப் பார்க்க ஒரு அடிக்கு ஒரு அடி குழி வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பார்க்கச் சொல்வார்கள். அதில் எங்கள் பக்கத்தில் ஒரு சூது இருக்கிறது. கோடையில் கரிசலில் முதல் தடவை ஊற்றினால் வெடிப்பு வழியாக மளமளவென்று இறங்கிவிடும். 'ஆகா, நல்ல வடிகால்' என்று ஏமாந்துவிடுவோம். இரண்டாவது தடவை நிரப்ப வேண்டும். என் வீட்டில் சாயங்காலம் இரண்டாவதாக நிரப்பியது காலையில் பாதிக்கு நின்றது. இதைப் பார்த்த பிறகுதான் அடுத்த போத்துக்கு இரண்டு அடி உயரத்தில் மண்மேடு போட்டேன். கரிசல், மக்கிய சாணம், பக்கத்துக் கடலை உடைக்கும் மில்லிலிருந்து வாங்கி ஆறு மாதம் மக்க வைத்த கடலைத் தொலி. மேட்டில் வைத்த முருங்கை நின்றது. 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், எங்கள் தெருவே குளமாகக் கிடந்தது. முருங்கை மேட்டின் மேல் தீவில் நிற்பது போல நின்றது. அத்தை அதைப் பார்க்க இல்லை. அவர் இருந்திருந்தால் முதல் போத்தை நான் சரியாக வைக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

இனி மண் பரிசோதனை. எங்கள் ஊரில் 1901-லிருந்து வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கரிசலைப் பற்றியும் மானாவாரியைப் பற்றியும் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்த இடம். அந்த நிலையத்துக்கு எதிரிலேயே குடியிருந்தாலும் வீட்டுத் தோட்டக்காரர்கள் யாரும் மண்ணைச் சோதித்துப் பார்ப்பதில்லை. அது விவசாயிகளுக்கு என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டு பையில் மண் கொண்டு போனேன். முன்வாசல் தனி, பின்கட்டு தனி. எடுக்கும் முறை முக்கியம். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரை அடி ஆழம் வெட்டி, அதன் சரிவில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். ஐந்தாறு இடத்தில் எடுத்துக் கலந்து, பரப்பி, நாலாகக் கூறு போட்டு, எதிரெதிர்க் கூறு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும் வரை இப்படியே. எருக்குழி ஓரத்திலும் மரத்தடியிலும் எடுக்கக் கூடாது. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டவர் "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார். "ஒன்றரை சென்ட்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கவில்லை, ஆனால் அந்தப் பார்வைக்கு அடுத்த தடவை போக யோசிப்பார்கள்.

சீட்டு வந்தது. பின்கட்டுக் கரிசல்: கார அமில நிலை (pH) 8.4, உப்பின் நிலை நல்லது, சாம்பல்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு, இரும்பும் துத்தநாகமும் குறைவு. கரிமச்சத்து 0.4 சதவீதம். இதுதான் எனக்கு அதிர்ச்சி. 0.5-க்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. கன்னங்கரேலென்று இருக்கிறதே, மக்கு நிறைந்த மண் என்று பிறந்ததிலிருந்து நினைத்திருந்தேன். கறுப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது களியோடு கொஞ்சம் மக்கு ஒட்டிக்கொண்டிருப்பதால் வரும் நிறம், அளவு சொற்பம்தான். அப்பா மாட்டுக் கிடையும் ஆட்டுக் கிடையும் போடுவதற்காக அலைந்தது ஏன் என்று 60 வயதில் புரிந்தது.

சீட்டின் கீழே உரப் பரிந்துரை இருந்தது. பருத்திக்கு, சோளத்துக்கு, உளுந்துக்கு. எல்லாம் ஹெக்டேர் கணக்கில். ஒன்றரை சென்ட்டில் செம்பருத்தியும் கத்தரியும் வைத்திருப்பவளுக்கு இதை வைத்து என்ன செய்ய? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 247 சென்ட். தொழுவுரம் ஹெக்டேருக்கு 12.5 டன் என்றால் சென்ட்டுக்கு ஏறக்குறைய 50 கிலோ. துத்தநாக சல்பேட் 25 கிலோ என்றால் சென்ட்டுக்கு 100 கிராம். அன்னபேதி 50 கிலோ என்றால் 200 கிராம். அதையும் தனியாகப் போடாமல் தொழுவுரத்தோடு கலந்து ஊற வைத்துப் போட்டால் கொஞ்சமாவது செடிக்குக் கிடைக்கும். 'ஒரு பிடி', 'ஒரு கரண்டி' என்று எழுதுவதைவிட இந்தச் சென்ட் கணக்கை அச்சிட்டால் வாசகர்கள் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

முன்வாசல் மண்ணுக்கு வைத்தியமில்லை. இரண்டு அடி தோண்டி, அள்ளி வெளியே போட்டுவிட்டு, பின்கட்டிலிருந்தும் வெளியிலிருந்தும் கலந்து மண் நிரப்பினேன். புது வீடு கட்டுகிறவர்கள் கலவை போடும் இடத்துக்குக் கீழே ஒரு பழைய தகரத்தை விரித்துவிட்டால் இந்தச் செலவு மிச்சம்.

தண்ணீரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்குக் குடிக்கச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வருகிறது. அதைச் செடிக்கு ஊற்ற மனம் வராது. போர்த் தண்ணீர் சவர். வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மிஷின் வந்த பிறகு, அதிலிருந்து கழிந்து வரும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று குழாயைச் செடிப் பாத்திக்குத் திருப்பிவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. தேரி மணலில் என்றால் மழைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். களிமண்ணில் அது எங்கே போகும்? எதிர்வீட்டுப் பாத்தியில் மாசி மாதம் வெள்ளையாகப் பூத்திருந்ததை அவர்கள் பூஞ்சாளம் என்று மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். உப்பு. அந்தத் தண்ணீர் வாசல் தெளிக்கவும் கக்கூஸ் கழுவவும் போதும்.

இப்போது என் பின்கட்டில் கரிசலுக்குப் பிடித்ததைத்தான் போடுகிறேன். சீனி அவரை (கொத்தவரை), வெண்டை, மிளகாய், ஐப்பசியில் கொத்தமல்லி. மழை பெய்து மூன்று நாள் வரை பாத்திப் பக்கம் கால் வைப்பதில்லை. "ஒட்டுற மண்ண மிதிக்காத தாயி, செங்கலாப் போயிரும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்; நடப்பதற்குச் செங்கல்லையே வரிசையாகப் பதித்திருக்கிறேன். ரோஜாவும் செம்பருத்தியும் மேட்டுப் பாத்தியில். மல்லிகை வைத்தேன், வருகிறது, ஆனால் அன்னபேதி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு குறிப்பின் கீழும் ஒரு வரி: இது கரிசலுக்கு, இது செவலுக்கு (செம்மண்ணுக்கு), இது கடற்கரை மணலுக்கு, இது டெல்டா வண்டலுக்கு, இது மலை மண்ணுக்கு. எழுதுகிறவர் எந்த ஊரில் தோட்டம் போட்டிருக்கிறார் என்பதையும் போடுங்கள். சென்னையில் மட்டும் திருவான்மியூர் மணலும் பள்ளிக்கரணைச் சதுப்புக் களியும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. 'சென்னை வாசகர்களுக்கு' என்று போட்டால் அதுவும் போதாது. அப்படியே, மண் பரிசோதனைச் சீட்டில் வீட்டுத் தோட்டத்துக்கென்று சென்ட் கணக்கில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக வேளாண் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடமில்லை என்றால் அத்தை கதையை வெட்டிக்கொள்ளுங்கள், நாலணா கதையையும் எடுத்துவிடுங்கள். வினிகரையும் சென்ட் கணக்கையும் மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்,
கோவில்பட்டி.